காற்றுக்கு ஒரு வாய்க்கால்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவன், கவரைப்பேட்டை

விறகு அடுப்பு உள்ள வீட்டில் ஊதாங்குழல் இல்லாமல் இராது. எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு வந்த பின்னும் வெந்நீர் காய்ச்சுவது கொல்லையில் உள்ள விறகு அடுப்பில்தான். அம்மா குழலை வாயில் வைத்து ஒருமுறை ஊதினால் கங்கு சிவந்து தீ பிடித்துக்கொள்ளும். சிறுவயதில் நான் குழலை எடுக்காமல் கன்னம் புடைக்க ஊதுவேன். சாம்பல்தான் என் முகத்தில் வந்து படியும். "உன் மூச்செல்லாம் ஊருக்குப் போகுதுடா, அடுப்புக்குப் போகல" என்று அம்மா சிரிப்பார்.

ஊதிய காற்று இரண்டு பேரிடமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஒன்றுக்கு வழி இருந்தது; மற்றொன்றுக்கு வழி இல்லை. அடுப்பைப் பற்றவைப்பதற்கு மட்டுமன்று, சூடான பொருளைக் குளிர்விப்பதற்கும் இதே நியாயம் பொருந்தும் என்பதை நான் கற்றுக்கொண்டது சென்ற ஆண்டில்தான். அதனை மாணவத் தோழர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வண்டி நின்ற கதை

என் தந்தையார் ஆட்டோ ஓட்டுநர். கவரைப்பேட்டை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டி வந்து நின்றதும், இறங்கும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சத்தியவேடு சாலையில் செல்வார். சென்ற கோடையில் ஒரு நாள் உச்சிப்பொழுதில் வண்டி நடுச்சாலையில் இறுகி நின்றுவிட்டது. பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது, பிஸ்டன் உருளையின் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர்கள் இதனை 'என்ஜின் ஜாம்' என்பார்கள். உருளையைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டு, தண்டல்காரரிடம் வாங்கிய பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்தோம்.

மூன்று மாதத்தில் மறுபடியும் அதே சாலையில் அதே நோய்.

"ஆயில் பாக்காம ஓட்டியிருக்கீங்கண்ணே. ஓவர்லோடு வேற" என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அப்பா பதில் பேசவில்லை. வாரம் தவறாமல் அளவுகோலை இழுத்து ஆயில் பார்ப்பவர் அவர் என்பது எனக்குத் தெரியும். முன்பு வாங்கிய தண்டல் பணமே அடைபடாதிருக்க, இரண்டாவது கடனும் சேர்ந்தது. பிளஸ் டூ முடித்ததும் எனக்காகப் படிப்பை நிறுத்திக்கொண்டு சிப்காட்டில் வேலைக்குச் சென்ற அக்காவின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. நானும் கல்லூரியை விட்டுவிட்டு வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டேன். "வண்டி நின்னா நிக்கட்டும். நீ நிக்காத" என்றார் அப்பா.

அந்தப் பருவத்தில்தான் எங்களுக்கு வெப்பவியல் பாடம் நடந்துகொண்டிருந்தது.

வெப்பம் எப்படி வெளியேறுகிறது?

வெப்பம் மூன்று வழிகளில் இடம் பெயர்கிறது. திடப்பொருளுக்குள் துகளுக்குத் துகள் கைமாறிச் செல்வது கடத்தல். காற்றோ நீரோ தானே நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்வது சலனம். இடையில் பொருள் எதுவுமின்றி அலையாகப் பரவுவது கதிர்வீசல். கடத்தலின் விதியைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூலில் முழுமையாக வகுத்துத் தந்தார். சூடான பொருள் குளிரும் வேகம், அதற்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்பதை 1701இலேயே நியூட்டன் எழுதியிருந்தார்.

இவ்விதியை இன்று எளிய பெருக்கலாக எழுதுகிறோம். ஒரு நொடியில் வெளியேறும் வெப்பம் மூன்று அளவுகளின் பெருக்கற்பலன். ஒன்று, காற்று படும் பரப்பு. இரண்டு, பொருளுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு. மூன்று, வெப்பச் சலன எண். காற்று அசையாத இடத்தில், அதாவது சூடான காற்று தானே மேலெழும் நிலையில், இவ்வெண் சதுர மீட்டருக்கு, ஒரு பாகைக்கு, சுமார் 5 முதல் 25 வாட் வரை இருக்கும். விசிறி வைத்து ஊதினால் 25 முதல் 250 வரை உயரும்.

வெப்பநிலை வேறுபாட்டைக் கூட்டுவது என்றால் பொருளை இன்னும் சூடாக்குவது என்று பொருள். அது நமக்கு வேண்டாதது. எஞ்சியவை பரப்பும் காற்றோட்டமுமே. பரப்பைப் பெருக்குவதற்குக் கண்ட வழிதான் செதில்கள்.

செதில்களின் கணக்கு

ஆட்டோ என்ஜினின் உருளையைச் சுற்றியும் மோட்டார் சைக்கிளின் உருளையைச் சுற்றியும் வரிவரியாக நிற்கும் மெல்லிய தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். பட்டறையில் 'ஃபின்ஸ்' என்பார்கள். இக்கட்டுரையில் அவற்றைச் செதில்கள் என்று குறிப்பிடுகிறேன். நமக்கு அண்மையில் உள்ள திருவொற்றியூரில், 1955இல் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா நிறுவனம் செய்து புகழ்பெற்ற புல்லட் வண்டியும் இப்படிக் காற்றால் குளிர்ந்த வண்டிதான். கணினிக்குள் சில்லின் மேல் அமர்ந்திருக்கும் செதில் கட்டையை 'ஹீட் சிங்க்' என்கிறோம். வெப்ப வடிகால் என்று தமிழில் சொன்னால் அதன் பணியும் விளங்கும்.

10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள அலுமினியப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 0.01 சதுர மீட்டர். வெப்பச் சலன எண் 25, வெப்பநிலை வேறுபாடு 40 பாகை என்று கொண்டால், வெளியேறும் வெப்பம் 10 வாட் மட்டுமே. இதே பலகையின் மேல் 3 செ.மீ. உயரமும் 1.2 மி.மீ. தடிமனும் உள்ள 20 செதில்களை, 4 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்துவோம். ஒவ்வொரு செதிலுக்கும் இரண்டு முகம். ஆக 20 செதில்களுக்கும் சேர்த்துப் பரப்பு 0.12 சதுர மீட்டர். செதிலின் நுனி அடியைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும் என்பதால் சிறு பங்கு குறையும். அலுமினியம் நன்கு கடத்துவதால் இந்த அளவுள்ள செதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் பயன் தரும். கணக்கிட்டால் ஏறத்தாழ 120 வாட் வருகிறது. 10 வாட் எங்கே, 120 வாட் எங்கே!

ஆனால் இக்கணக்கு ஒன்றை மௌனமாக ஏற்றுக்கொள்கிறது. எல்லாச் செதில்களுக்கும் இடையில் குளிர்ந்த காற்று போய்க்கொண்டே இருக்கிறது என்பதே அது. அப்படிப் போகிறதா என்பதை இடைவெளிகளே முடிவு செய்கின்றன. இடைவெளிகள் மூன்று வகை. செதிலுக்கும் செதிலுக்கும் நடுவில் உள்ளது ஒன்று. செதில் தொகுதிக்கும் அதனைச் சூழ்ந்த உறைக்கும் நடுவில் உள்ளது மற்றொன்று. சூடான பொருளுக்கும் வடிகாலின் அடிக்கும் நடுவில் உள்ளது மூன்றாவது.

முதல் இடைவெளி: செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே

பரப்பு கூடினால் நல்லது என்றால் செதில்களை நெருக்கி நெருக்கி வைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் காற்றின் பாகுநிலை குறுக்கிடுகிறது.

தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று நகர்வதில்லை. தகட்டோடு ஒட்டி நிற்கிறது. அதற்கு மேலே உள்ள அடுக்கு மெல்ல நகர்கிறது. அதற்கும் மேலுள்ளது இன்னும் சற்று வேகமாக. இந்த மந்தமான அடுக்கை எல்லைப் படலம் என்று 1904இல் ஜெர்மானிய அறிஞர் பிராண்டல் விளக்கினார். தட்டையான தகட்டின் மீது நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் காற்று சென்றால், 10 செ.மீ. கடப்பதற்குள் இப்படலம் சுமார் 3 மி.மீ. தடித்துவிடும். எதிரெதிரே உள்ள இரு செதில்களின் படலங்களும் வளர்ந்து ஒன்றோடொன்று முட்டினால், நடுவில் தடையின்றி ஓடும் காற்றே இராது.

தடை எவ்வளவு கூடுகிறது? மெல்லிய குழாயில் நீர் பாயும் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்ற பாய்ஸொய் வாய்பாட்டை நம் சோதனைக் கூடத்தில் செய்து பார்த்திருக்கிறோம். இரு இணைத் தட்டுகளுக்கு நடுவே வரிச்சீராக ஓடும் காற்றுக்கும் அதே போன்ற விதி உண்டு. அங்கே பாயும் அளவு இடைவெளியின் மூன்றாம் படியைப் பொறுத்தது. இடைவெளி பாதியானால், அதே அழுத்தத்தில், அந்தச் சந்தில் பாயும் காற்று எட்டில் ஒரு பங்காகிவிடும்.

நம் பலகையில் 4 மி.மீ. சந்துகள் 19. அவற்றை 2 மி.மீ. ஆக்கினால் ஏறத்தாழ 31 சந்துகள் கொள்ளும். செதில் பரப்பு 1.6 மடங்காகும். ஆனால் அதே அழுத்தத்தில் மொத்தக் காற்று ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வலிமையான விசிறி இருந்தால் நெருக்கமான செதில் பயன் தரும். இல்லையேல் அது வெறும் உலோகச் செலவு.

விசிறியே இல்லாத இடத்தில் சூடான காற்று தன் இலேசினால் மட்டுமே எழ வேண்டும். அதற்கு இன்னும் அகலமான சந்து வேண்டும். செங்குத்தான இணைத் தட்டுகளை வைத்து இதனை முறையாக ஆராய்ந்து 1942இல் வெளியிட்டவர் எலென்பாஸ். அவர் வழியில் பின்வந்தோர் வகுத்த வாய்பாட்டின்படி, 10 செ.மீ. உயரமுள்ள செதில்கள் காற்றைவிட 50 பாகை சூடாக இருந்தால், 6 அல்லது 7 மி.மீ. இடைவெளியே மிகுந்த பயன் தரும். விசிறி உள்ள கணினி வடிகாலில் செதில்கள் நெருக்கமாகவும், விசிறியில்லாத மின்கருவிகளில் அகன்றும் இருப்பதன் காரணம் இதுவே.

இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. எல்லைப் படலம் செதிலின் முன்விளிம்பில் மெல்லியது. போகப் போகத் தடிக்கிறது. ஆகவே நீண்ட ஒரே செதிலுக்குப் பதிலாக, நடுநடுவே வெட்டுவிட்டுத் துண்டு துண்டாக வைத்தால், ஒவ்வொரு துண்டிலும் படலம் புதிதாகத் தொடங்குகிறது. கார்களின் ரேடியேட்டர் தகடுகளில் சாளரப் பலகை போல் கீறிவிட்டிருப்பது இதற்காகத்தான். இடைவெளி என்றாலே கேடு என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாம் இடைவெளி: காற்று நழுவும் சந்து

இனி நம் கதையின் மையத்துக்கு வருவோம்.

ஏரிப் பாசனம் அறிந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மதகில் நிறையத் தண்ணீர் விட்டிருப்பார்கள். ஆனால் வாய்க்காலின் கரையில் நடுவே ஓர் உடைப்பு இருந்தால், தண்ணீர் பள்ளத்தை நோக்கி அதன் வழியே ஓடிவிடும். மதகில் நின்று பார்ப்பவருக்குத் தண்ணீர் முன்னிலும் வேகமாகப் போவது போலத்தான் தெரியும். கடைமடையில் பயிர் காயும்.

காற்றும் தடை குறைந்த வழியையே நாடும். நம் பலகையை ஒரு குழாய் போன்ற உறைக்குள் வைத்து விசிறியால் ஊதுவதாகக் கொள்வோம். செதில் தொகுதிக்கு இருபுறமும் 8 மி.மீ. சந்து இருக்கட்டும். 8 என்பது 4இன் இரு மடங்கு. ஆகவே அந்த ஒவ்வொரு சந்தும் எட்டுச் செதில் சந்துகளின் காற்றை விழுங்கிவிடும். இரண்டு பக்கமும் சேர்ந்து 16 சந்துகளுக்கு ஈடு. செதில்களுக்கு உரியவை 19. மொத்தம் 35 பங்கில் செதில்கள் பெறுவது 19. எஞ்சிய 16 பங்கு எதனையும் குளிர்விக்காமல் வெளியே போகிறது. அகன்ற சந்தில் காற்று சுழன்று ஓடினால் இவ்வேறுபாடு சற்றுக் குறையும். எனினும் போக்கு இதுதான். ஒரு விரல் அகலங்கூட இல்லாத சந்து, விசிறியின் உழைப்பில் பாதியை உண்டுவிடுகிறது.

இதன் விளைவு என்ன? ஒரு கிலோகிராம் காற்றை ஒரு பாகை சூடாக்கச் சுமார் 1000 ஜூல் வேண்டும். 100 வாட் வெப்பத்தை நொடிக்கு 10 கிராம் காற்று சுமந்து சென்றால், அக்காற்று 10 பாகை சூடேறி வெளிவரும். காற்று பாதியானால் 20 பாகை சூடேறும். வெயில் 40 பாகை அடிக்கும் நம் ஊரில், பின்வரிசைச் செதில்களைத் தொடுவது 60 பாகைக் காற்று. சூடான காற்றால் குளிர்விக்க முடியாது. வேகம் குறைந்ததால் வெப்பச் சலன எண்ணும் தாழ்கிறது. நியூட்டன் விதியில் உள்ள இரண்டு எண்கள் ஒரே நேரத்தில் சரிகின்றன. எஞ்சியது ஒன்றுதான்: வெளியேற வேண்டிய வெப்பம் வெளியேறும் வரை உலோகத்தின் சூடு ஏறிக்கொண்டே போவது.

ஊதுவத்தி சொன்ன உண்மை

மோட்டார் சைக்கிள் ஓடும்போது எதிர்க்காற்று தானே செதில்களின் மேல் படும். ஆட்டோவின் என்ஜினோ பின்புறம் பெட்டிக்குள் இருக்கிறது. எதிர்க்காற்று அங்கே எட்டாது. ஆகவே என்ஜினோடு சுழலும் ஒரு விசிறி வைத்து, அதன் காற்று உருளைச் செதில்களின் ஊடே சென்றே தீர வேண்டும் என்று ஒரு தகட்டுறையால் மூடியிருக்கிறார்கள். பார்ப்பதற்கு அழகுக்காகப் போட்ட மூடி போல் இருக்கும். உண்மையில் அதுதான் என்ஜினின் ஊதாங்குழல்.

எங்கள் வண்டியில் அந்த உறை இருந்தது. ஆனால் முதல்முறை பிரித்துப் பூட்டியபோது இரண்டு திருகுகள் போடப்படவில்லை. உறை ஒரு பக்கம் விரலளவு விலகி நின்றது. "பேன் நல்லாத்தான் ஓடுது, பாரு" என்று அப்பா என் கையைப் பிடித்து அந்தச் சந்தின் முன் வைத்தார். காற்று சில்லென்று கையில் பட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் படுகிற காற்று என்ஜினுக்குப் போகாத காற்று அல்லவா?

பூசை மாடத்திலிருந்து ஊதுவத்தி ஒன்றை எடுத்து வந்து, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, உறையைச் சுற்றிப் புகையைக் காட்டினேன். விலகி நின்ற பக்கத்தில் புகை வெளியே தள்ளப்பட்டு வளைந்து ஓடியது. செதில்களின் மறுபுறம், காற்று வெளிவர வேண்டிய வாயில், புகை அசையாமல் மேலே எழுந்தது. பக்கத்தில் நின்ற வேறொரு ஆட்டோவில் அதே வாயிலில் புகை சீறிக்கொண்டு பறந்தது. எங்கள் செதில்களுக்கு நடுவே சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் வேறு இறுகிக் கிடந்தன. உள்ளே வழி அடைபட்டிருந்தது. வெளியே வழி திறந்திருந்தது. காற்று எதனைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சூடு கூடினால் பிஸ்டன் ஏன் பிடிக்கிறது என்பதும் நம் பாடத்தில் உள்ளதே. அலுமினியத்தின் நீள் விரிவெண் ஒரு பாகைக்கு மில்லியனில் சுமார் 23 பங்கு அளவு. வார்ப்பிரும்புக்கு 11 அளவே. அலுமினியப் பிஸ்டன் இரும்புச் சுவரைவிட இருமடங்கு விரிகிறது. 60 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் வழக்கத்தைவிட 100 பாகை கூடுதலாகச் சூடேறினால் 0.14 மி.மீ. விரியும், அதே சூட்டில் சுவர் 0.07 மி.மீ. விரியும். நடுவில் குறைவது 0.07 மி.மீ., ஒரு தலைமயிரின் தடிமன். அந்த மயிரிழை இடத்தில்தான் ஆயில் இருக்கிறது. அது போனதும் உலோகம் உலோகத்தைப் பிடிக்கிறது. ஆயில் இருந்தும் பயனில்லை.

மறுநாள் செதில்களைக் குச்சியாலும் மண்ணெண்ணெயாலும் சுத்தம் செய்தோம். இரண்டு திருகுகள் வாங்கிப் போட்டோம். அப்போதும் பொருந்தாத ஓரத்துக்கு ஒரு தகட்டுப் பட்டையை வளைத்து வைத்து இறுக்கினோம். மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள். ஊதுவத்திப் புகை இப்போது சரியான வாயிலில் சீறியது. அதன்பின் ஒரு மழைக்காலமும் இன்னொரு கோடையும் கடந்துவிட்டன, வண்டி நிற்கவில்லை.

மூன்றாம் இடைவெளி: கண்ணுக்குத் தெரியாதது

அக்கா பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு மடிக்கணினிதான் இன்று என் கணினி. பள்ளி, கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் அத்திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. ஆட்டோவுக்குப் பின் என் கவனம் அக்கணினியின் மேல் திரும்பியது. பத்து நிமிடத்தில் அடிப்பாகம் கொதிக்கும், வேகம் குறைந்துவிடும். நண்பன் ஒருவன் துணையோடு திறந்து பார்த்தேன். விசிறிக்கும் செதில்களுக்கும் நடுவில் பஞ்சு மெத்தை போலத் தூசி படிந்திருந்தது. அது முதல் வகைக் குற்றம், தூரிகையால் தீர்ந்தது.

சில்லுக்கும் அதன்மேல் அமரும் உலோகத்துக்கும் நடுவே இருந்த பசை காய்ந்து பொடியாகியிருந்தது. இது மூன்றாம் வகை. எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரு உலோகப் பரப்புகள் மேடுகளில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன; பள்ளங்களில் காற்று நிற்கிறது. நிற்கும் காற்றைப் போல வெப்பத்தைத் தடுப்பது அரிது. அதன் கடத்தும் எண் 0.026, அலுமினியத்துக்கோ 237. காற்று ஒன்பதாயிரம் மடங்கு மட்டம்!

3 செ.மீ. சதுரப் பரப்பில் 0.1 மி.மீ. காற்றுப் படலம் முழுமையாக இருந்தால், 20 வாட் வெப்பம் அதனைக் கடக்க 85 பாகை வெப்பநிலை வேறுபாடு வேண்டும். அதே இடத்தில் கடத்தும் எண் 2 உள்ள வெப்பப் பசை இருந்தால் ஒரு பாகை போதும். மேலே எத்தனை செதில் இருந்தாலும், எத்தகைய விசிறி சுழன்றாலும், வெப்பம் வாசலிலேயே மறிக்கப்பட்டால் என்ன பயன்? வெப்பப் பசை கடுகளவு போதும். பசையும் உலோகத்துக்கு ஈடான கடத்தி அன்று. காற்றுப் பள்ளங்களை நிரப்புவதே அதன் பணி.

நாம் கவனிக்க வேண்டியவை

இவற்றை மூன்று வாக்கியங்களில் சொல்லிவிடலாம். செதில்களுக்கு நடுவில் காற்றுக்குப் போதிய இடம் வேண்டும். செதில்களுக்கு வெளியே காற்று நழுவ இடம் கூடாது. செதிலின் அடியில் காற்றே கூடாது.

இவற்றில் இரண்டாவது விசிறி உள்ள இடத்துக்கே பொருந்தும். சாலையோர மின்மாற்றியைப் பாருங்கள். உள்ளே எண்ணெய் சூடேறி எழுகிறது. வெளியே துடுப்புகளைச் சுற்றிக் காற்று தானே எழுகிறது. அதனைக் காக்கிறோம் என்று நெருக்கமாகத் தகடடித்து மூடினால் மூச்சு முட்டும். குளிர்பதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது என்பதும், மடிக்கணினியைத் தலையணை மேல் வைக்கக் கூடாது என்பதும் இதனாலேயே. எங்கே காற்று தானே எழுகிறதோ அங்கே திறந்துவிடுங்கள். எங்கே விசிறி தள்ளுகிறதோ அங்கே வாய்க்கால் கட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். விசிறி சுழல்கிறதா என்று மட்டும் பார்ப்பது மதகில் நின்று தண்ணீரைப் பார்ப்பது போன்றது. காற்று எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க ஓர் ஊதுவத்தி போதும். நம் ஊர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வெல்டிங் இயந்திரங்களும் மோட்டார்களும் மின்பெட்டிகளும் எத்தனையோ உள்ளன. அவற்றில் ஒன்று கொதித்து நின்றால் முதலில் கேள்வி கேட்கப்படுவது அதனை இயக்கிய தொழிலாளியைத்தான். கழற்றிய மூடியை எல்லாத் திருகுகளோடும் திரும்பப் பூட்டினார்களா என்ற கேள்வியும் அதற்கு முன் எழ வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். 'இயற்பியல் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?' என்று உறவினர்கள் கேட்கும்போது இன்னும் என்னிடம் சரியான விடை இல்லை. ஆனால் தண்டல் கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்த அன்று மாலை, நிலையத்தில் நின்ற மற்ற ஓட்டுநர்களிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "ஆயில் இல்லாம போகலப்பா. காத்து வேற பக்கம் போயிருக்கு. என் பையன் கண்டுபிடிச்சான்." அன்றைக்கு நான்கு ஆட்டோக்களின் பின்மூடியைத் திறந்து ஊதுவத்தி காட்டினேன். அவற்றில் ஒன்றில் புகை தப்பான பக்கம் போயிற்று. திருகு வாங்க அப்பாவே கடைக்குப் போனார்.